மூன்றாவது டிரம்

ஹைஃப்ளாட்ஸ் சரிவில் மூன்று டிரம் மூட்டினோம்.
மரம் மூன்றுக்கும் ஒன்றேதான், கறுப்பு வாட்டில்.
ஓடையைக் குடித்துக் கொழுத்தது,
வெட்டினால் பத்தாய்த் துளிர்ப்பது.
ஆறு வாரம் வெயிலில் கிடந்தும்
கோடரி பட்ட இடத்தில் இன்னும் கசிந்தது.

ஸென்ஸோ புகையைப் படிப்பவன்.
வெள்ளையாய் வந்தால் தண்ணீர் வெளியேறுகிறது.
மஞ்சளாய் வந்தால் தார்,
மூன்று சலவைக்கும் சட்டையை விடாது.
நீலமாகி, மெலிந்து,
டிரம்முக்குப் பின்னால் இருக்கும் கரும்பு
கானல்போல் நடுங்கித் தெரிந்தால்
"மான்ஜே, மிஸ் படையாச்சி" என்பான்.
இப்போதே மூடு.
நான் வெப்பமானியைப் பார்ப்பேன்.
இருவரும் ஒத்துப்போன நாட்கள் உண்டு.
ஒத்துப்போகாத நாட்களில்
அவன் கணக்கைப் பேனாவால் எழுதி
என்னுடையதைப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன்.

முதல் டிரம் முந்நூற்றைம்பது டிகிரி.
உம்சிண்டோ பக்கம் இடித்ததால் சீக்கிரம் மூடினோம்.
எடை நிறைய மிஞ்சியது.
பாதி பழுப்பு. ஒடித்தால் நார் இழுக்கிறது,
பட்டையின் வாசனைகூட இருக்கிறது.
வாளியில் போட்டேன்.
நனைய மாட்டேன் என்று
மதியச் சாப்பாடு முடியும்வரை மிதந்தது.

இரண்டாவது ஐந்நூறு.
சொன்னபடி எரிந்தது, சொன்னபடி அணைந்தது.
எழுத ஒன்றுமில்லை.

மூன்றாவது ஏறிக்கொண்டிருந்தபோது
தங்கை அழைத்தாள், சாட்ஸ்வர்த்திலிருந்து.
வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாம்,
என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம்.
சிக்னல் தேடி மேட்டில் ஏறினேன்.
மெதுவாகத்தான் தொடங்கினாள்.
சூடு ஏற ஏற அவளிடம் தமிழ் குறையும்,
கடைசியில் வெறும் ஆங்கிலம்தான் மிஞ்சும்.
நான் "ம்" என்றேன்.
பிறகு அதுவும் சொல்லவில்லை.

இறங்கி வந்தபோது முள் எழுநூறைத் தாண்டியிருந்தது.
ஸென்ஸோ தண்ணீர் வண்டியோடு ஓடையில்.
அடிக்கல் ஒன்று நகர்ந்து
விரல் அகலத்துக்குக் காற்று புகுந்திருந்தது.
அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல்.

சேறு அப்பி அடைத்தோம்.
விடிந்து திறந்தால்
போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
இருந்த துண்டுகளைக் கொட்டியபோது
வளையல் உடைகிற சத்தம்.
"வேஸ்ட்" என்றேன்.
ஸென்ஸோ பதில் சொல்லாமல்
ஒரு கைப்பிடியைப் பையில் கட்டி
மூன்று என்று சீட்டு ஒட்டினான்.

ஐந்து வாரம் கழித்து
பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
முதலாவது, பி.எச். ஆறரை.
உரத்தைப் பிடித்துவைக்கும்,
ஆனால் மண்ணில் நெடுநாள் நிற்காது.
இரண்டாவது, எல்லாவற்றிலும் நடு.
மூன்றாவது, பத்துக்குச் சற்றுக் கீழே.
ஒரு கிராமின் துளைகளையெல்லாம் பிரித்து விரித்தால்
டென்னிஸ் மைதானம் ஒன்றை மூடலாமாம்.
நூறாண்டு கரும்பு நட்டுப் புளித்துப்போன மண்ணுக்கு
இது என்று யாரோ அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

தோட்டக்கார தில்லைமுத்து அன்றே கேட்டார்,
அதே மாதிரி இன்னும் பத்து டிரம்.
செய்முறைப் படிவம் வந்தது.
மரம், வாட்டில்.
ஈரம், பதினெட்டு சதம்.
உச்ச வெப்பம், எழுநூற்றிருபது.
காற்று, என்ற இடத்தில்
கல் நகர்ந்ததை எப்படி எழுதுவது?
'சிறிது' என்று எழுதினேன்.
உச்சத்தில் நின்ற நேரம், என்ற இடத்தில்
பேனா நின்றது.
ஸென்ஸோவைப் பார்த்தேன்.
அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான்.

போனை எடுத்து விரலால் கீழே தள்ளினேன்,
பல்பொருள் கடை, வங்கி, தெரியாத எண்,
அதற்கும் கீழே தங்கை.
அதன் பிறகு அவள் அழைக்கவில்லை.
நானும்தான்.
பெயருக்கு எதிரே
நாற்பத்தேழு நிமிடம், பதினொரு வினாடி.
வினாடியையும் சேர்த்தே எழுதினேன்.

கடைசியில் கையெழுத்து கேட்டிருந்தது.
இதில் மட்டும் போட்டேன்.